அஞ்சுக்கு எத்தனை, அண்ணா?

கத்திப் பேசினால் தூரம் போகும் என்று நம்புகிறவர்களை வைத்துத்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. வாக்கி டாக்கி கையில் கிடைத்த முதல் நாளே மனுஷன் கத்த ஆரம்பித்துவிடுகிறான். வாட்ச்மேன், சூப்பர்வைசர், மேனேஜர், யாராக இருந்தாலும் அதே கதைதான். "கத்தாதீங்க சார், மெதுவா பேசினாலும் அதே தூரம்தான் போகும்" என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த நிமிஷம் மறுபடியும் கத்துவார்கள்.

ஃப்ரிட்ஜ் பார்க்கிறவர், லிஃப்ட் பார்க்கிறவர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் என்று இதைப் படிக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடி சாவி எப்போதும் ஊருக்குப் போனவரிடம்தான் இருக்கும். நாம் போய் நின்றதும் மெஷின் ஒழுங்காக ஓடும். கிளம்பி கேம்ப் ரோடு திரும்பியதும் போன் வரும். இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

என் வேலை ரிப்பீட்டர். உயரமான கட்டிடத்தின் மாடியில் ஒரு பெட்டி, அதற்கு மேலே கம்பத்தில் ஒரு ஆன்டெனா. கையில் இருக்கிற சின்ன செட் பேசுவதை இந்தப் பெட்டி வாங்கி, பலமாக்கித் திருப்பி அனுப்பும். அதனால்தான் தாம்பரத்தில் பேசுவது கூடுவாஞ்சேரியில் கேட்கிறது. இந்தப் பெட்டிக்கு வருகிற வியாதிகளில் மோசமானது, அனுப்பும் பவர் குறைந்துபோவது. ஊர் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்கும், அது பேசுவது மட்டும் யாருக்கும் கேட்காது.

கீழே இருப்பவை நானும் என் கூட்டாளி தேவராஜ் அண்ணனும் அந்த வியாதியோடு மல்லுக்கட்டிய கதைகள். ஒரே கம்பெனியில் இருந்தோம். அது மூடியதும் சேலையூரில் ஒரு மாடிக் கடை பிடித்துச் சேர்ந்தே தொழில் செய்தோம். இப்போது கடையில் நான் மட்டும் இருக்கிறேன். பயப்பட வேண்டாம், அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். வேலையில் மட்டும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்க் போடும் வேலை

இது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மாடியில் மீட்டரோடு உட்கார வேண்டும். இன்னொருவர் செட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் ஊர் எல்லைக்குப் போய் நிற்க வேண்டும். மாடியில் இருப்பவன் மைக்கில் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவான். வெளியே நிற்பவர் கேட்டதற்கு மார்க் போடுவார். அஞ்சுக்கு அஞ்சு என்றால் கண்ணாடி மாதிரி கேட்கிறது. மூணு என்றால் பேச்சு புரியும், கரகரப்பும் கூட வரும். ஒண்ணு என்றால் பேச்சு ஒன்றும் புரியாது, அந்தப் பக்கம் ஆள் இருப்பது மட்டும் தெரியும். அண்ணனுக்கு உயரம் ஆகாது, மூன்றாவது மாடிக்கு மேல் போனால் தலை சுற்றும். அதனால் முதல் நாளிலிருந்தே மாடி எனக்கு, பைக் அவருக்கு.

மீட்டர் இருக்கும்போது காது எதற்கு என்று ஜி.எஸ்.டி. ரோடு ஹோட்டல் மேனேஜர் ஒருவர் ஒரு முறை கேட்டார். நியாயமான கேள்விதான். மீட்டர் பெட்டியிலிருந்து எத்தனை வாட் கிளம்புகிறது என்று சொல்லும். ஆனால் மேலே போகும் கேபிளுக்குள் மழைத்தண்ணீர் புகுந்திருந்தால், அது பவரை நடுவழியிலேயே தின்றுவிடும். கீழே மீட்டர் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் கடைசித் தீர்ப்பு எப்போதும் வெளியே நிற்பவர் காதுக்குத்தான். அண்ணன் சர்ச் பாடகர் குழுவில் கீழ்ஸ்தாயி பாடுகிறவர், பக்கத்தில் நிற்பவர் அரை இழை பிசகினாலும் திரும்பிப் பார்ப்பார். மேனேஜர் கேட்டதற்கு அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மீட்டர் பொய் சொன்னா அத யாருடா சங்கர் கேக்கப்போறா? நான் பொய் சொன்னா உங்க அண்ணி சோறு போட மாட்டா."

திருமுடிவாக்கத்து ஃபேன்

திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. காலையில் வாக்கி டாக்கி நன்றாகப் பேசும், மத்தியானத்துக்கு மேல் கேட்டிலிருந்து பேசினால் குடோனுக்குக் கேட்காது. நாங்கள் போனது காலையில், அதனால் எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பலாம் என்று நினைத்தபோது அண்ணன் மட்டும் ரோட்டோரம் நின்று, இன்னொரு முறை எண்ணு, இன்னொரு முறை எண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் நெருங்க நெருங்க அஞ்சு நாலாயிற்று. நாலு இரண்டாயிற்று.

பிறகு செட்டில் அவர் குரல் வந்தது. "காலையில நீ எண்ணும்போது உன் பின்னாடி ஒரு ஃபேன் ஓடிச்சு. இப்ப அந்தச் சத்தம் இல்ல, பாரு." திரும்பிப் பார்த்தேன். பெட்டியைக் குளிர வைக்கும் சின்ன ஃபேன், கிரைண்டிங் தூசி அப்பி, சூடு ஏறியதும் நின்றுபோயிருந்தது. பெட்டி சூடாகி, எரிந்துபோகாமல் இருக்கத் தன் பவரைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் நின்ற ஃபேனை நான் கவனிக்கவில்லை. எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்றவர் கவனித்துவிட்டார். கம்பெனி ஓனர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், இவர் காத மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. எங்க மெஷின்ல எந்த பேரிங் போகப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்குவேன்."

கொடி கட்டிய கேபிள்

சேலையூரில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட். செக்யூரிட்டிகள் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குப் பேச முடியவில்லை என்று செகரட்டரி கூப்பிட்டார். மாடிக்குப் போனால், ஆன்டெனா கேபிளைக் கம்பத்திலிருந்து இழுத்து டேங்க் படியில் கட்டி, அதில் துணி காயப் போட்டிருந்தார்கள். பெட்ஷீட் பாரம் இழுத்து இழுத்து மேலே கனெக்டர் தளர்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே போய்ப் பச்சை பூத்துவிட்டது. கேபிளை வெட்டி, புது கனெக்டர் போட்டு, டேப் சுற்றி எண்ண ஆரம்பித்தேன்.

அண்ணன் பின்பக்க கேட்டில் நின்று "அஞ்சுக்கு மூணு" என்றார். எனக்கு ஆச்சரியம். புது கனெக்டர், கூப்பிடு தூரம். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் நன்றாகக் கேட்பதாகச் சொல்கிறார். அண்ணன் செட்டில் ஸ்பீக்கர் போயிருக்கும் என்று முடிவுகட்டி, கடைக்கு வந்து ஸ்பீக்கரை மாற்றினேன். அன்று எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், துணி காயப்போட்ட சி பிளாக் அம்மா என்னைப் பார்த்த பார்வை. ஈரப் பெட்ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஒயருக்கு வெளியிலதானே சார் துணி போட்டோம், உள்ள போற பவருக்கு நாங்க என்ன பண்ணோம்?"

எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஹோட்டலில் வேலை முடித்தால் அண்ணன் மூணு என்பார். காலேஜில் முடித்தால் இரண்டு என்பார். நானும் விடாமல் கழற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், நன்றாக இருந்த ஆன்டெனாவை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினேன். வாடிக்கையாளர்கள், "எங்களுக்குக் கேக்குதே சார்" என்பார்கள். "உங்களுக்குத் தெரியாது சார், அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்பேன். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பவர் குறைகிறதே என்று யோசித்து, புதிதாக முளைத்த அடுக்குமாடிகள் மேல் பழி போட்டேன், வெயில் மேல் போட்டேன், மேம்பால வேலை மேல் போட்டேன்.

எல்லா இடத்திலும் ஒரே பழுது தெரிந்தால் அளக்கிற கருவியைச் சந்தேகப்படு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சந்தேகப்பட்டேன். மீட்டரைத் துணியில் சுற்றி, கிண்டியில் இருக்கும் ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளக்கிற கருவிகள் எங்களிடம் இரண்டு இருந்தன என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. லேபில் இருந்தவர் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றியபடி கேட்டார்: "மீட்டர் கரெக்டா இருக்கு சார். எதை நம்பி நீங்க இதைத் தப்புன்னு சொல்றீங்க?"

கலைவாணியின் கேள்வி

தாம்பரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஆம்புலன்ஸ் நடத்துகிறது. கன்ட்ரோல் ரூமில் கலைவாணி என்ற பெண் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புவார். மழைக்காலத்தில் செல்போன் டவர்கள் படுத்துவிடும் என்பதால் அவர்கள் வாக்கி டாக்கியை விடவில்லை. ஒரு ஐப்பசியில் அவர்கள் ரிப்பீட்டர் பவர் இழந்தது. வண்டலூர் தாண்டினால் வண்டிக்குச் சத்தமே இல்லை. பெட்டியைத் திறந்தேன். பவர் கொடுக்கும் பாகம் எரிந்துபோயிருந்தது. கையோடு வேறு போட்டேன், மீட்டர் முழு வாட் காட்டியது. அண்ணன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனார்.

"அஞ்சுக்கு எத்தனை, அண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணுடா. ஆள் இருக்கறது மட்டும் தெரியுது" என்றார். மழையில் நனைந்துகொண்டே கேபிளை முழுசாக இறக்கி வேறு கேபிள் ஏற்றினேன். ஒண்ணு. ஆன்டெனாவை மாற்றினேன். ஒண்ணு. நடுவில், வண்டலூரைத் தாண்டி இருக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து நெஞ்சுவலி என்று ஒரு அழைப்பு வந்தது. ரேடியோ எட்டாத இடத்துக்கு வண்டி அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. கலைவாணி அந்த அழைப்பை வேறு ஒரு சர்வீசுக்குத் தள்ளிவிட்டார். அவர்கள் வண்டி வர ரொம்ப நேரம் ஆகிவிட்டது. நல்ல வேளை, அந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அது தெரியவந்தது மறுநாள்தான். அன்றைக்கு கலைவாணி குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கே ஏறி வந்து கேட்டார்: "சார், வண்டலூருக்கு அந்தப் பக்கம் இனிமே கேஸ் வந்தா நான் வண்டி அனுப்பட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

சேட்டு சொன்னது

கலைவாணி அங்கேயே நிற்க, மறுபடி மைக்கை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து, ரிப்பீட்டர் படுக்கும் முன்பே கிளம்பிப் போய், செங்கல்பட்டில் நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான் சேட்டு என்கிற டிரைவர். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, மழையில் செட்டைக் காதில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கும் அண்ணனைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவலாம் என்று வண்டியை ஓரங்கட்டியிருக்கிறான். அண்ணன் கையில் இருந்த செட்டில் என் குரல் ஏழு, எட்டு, ஒன்பது என்று கணீரென்று போய்க்கொண்டிருந்ததாம். அண்ணன் முகம் மட்டும், சத்தம் இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல் இருந்ததாம்.

சேட்டு அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறான், அவர் திரும்பவில்லை. அவன் வண்டிக்குள் போய், வண்டியின் மைக்கை எடுத்து என்னிடம் பேசினான். அவன் பேசியது கன்ட்ரோல் ரூமில் கேட்டது, மற்ற வண்டிகளில் கேட்டது, அண்ணன் கையில் இருந்த செட்டிலும் வந்தது. அதைக் கேட்காதவர் அண்ணன் ஒருவர்தான். சேட்டு சொன்னான்: "சார், மிஷினு நல்லாத்தான் கீது. நீங்க எண்றது டீக்கட வரிக்கும் கேக்குது. பெரியவருக்குத்தான் சார் காது கேக்கல."

மெர்சி அண்ணி

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். மெர்சி அண்ணி பள்ளிக்கூட டீச்சர், பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, "தெரிஞ்சிடுச்சா?" என்றார். ஒரு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறதாம். தொண்டை சரியில்லை என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டுப் பாடகர் குழுவிலிருந்து விலகி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாராம். செட்டுக்கு உதடு கிடையாது. நான் பத்து வரை எண்ணுவது அவருக்கு மனப்பாடம் என்பதால், காதில் விழுந்த கொஞ்சத்தை வைத்து மிச்சத்தை நிரப்பி, முடிந்தவரை நேர்மையாக ஒரு மார்க் போட்டு வந்திருக்கிறார்.

டாக்டரிடம் வர மாட்டேன் என்று பிடிவாதமாம். காது போய்விட்டது என்று தெரிந்தால் தொழில் போய்விடும், அதற்கப்புறம் காலையில் எழுந்து எங்கே போவது என்று கேட்டாராம். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஊரிலுள்ள ஆன்டெனாவையெல்லாம் இறக்கி ஏற்றினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அண்ணியிடம்தான் காட்டினேன். அண்ணி சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி இருந்து அவரைக் கூப்பிடறதையே நான் விட்டுட்டேன் சங்கர். கூப்பிட்டு, அவர் திரும்பலன்னா எனக்குத் தாங்காது."

காதுக் கருவி

எனக்கே தெரிந்துவிட்ட பிறகு அண்ணன் பிடிவாதம் தளர்ந்தது. குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். நரம்பு தளர்ந்துவிட்டது, மருந்து கிடையாது, கருவி வைக்கலாம் என்றார்கள். கருவி வைத்த அன்று அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெருவில் போகிற சைக்கிள் பெல், பக்கத்து வீட்டு குக்கர் விசில் என்று ஒவ்வொன்றாக நின்று கேட்டார். நேரே கடைக்கு வந்து செட்டை எடுத்தார், பட்டனை அழுத்தினார். அடுத்த நொடி கருவியைப் பிடுங்கி மேஜைமேல் போட்டுவிட்டார். செட்டிலிருந்து கிளம்பும் அலையைக் கருவி வாங்கி, காதுக்குள் அரைவை மில் மாதிரி இரைகிறது. பட்டனை விட்டுவிட்டுக் கேட்டாலும், ஸ்பீக்கர் பேச்சு கருவி வழியாக வெறும் கரகரப்பாகத்தான் விழுகிறது.

நாங்கள் சும்மா விடுவோமா. செட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தோம், வேறு கருவி மாற்றிப் பார்த்தோம், பரோட்டா பார்சலுக்கு வரும் அலுமினியத் தாளைக் கருவிமேல் சுற்றியும் பார்த்தோம். அந்தக் கோலத்தில் அண்ணனைப் பார்த்து நானும் அவரும் சிரித்தோம், கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி டாக்டரம்மாவிடமே போனோம். அவர் அண்ணன் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னார்: "இத வெச்சுக்கிட்டு நீங்க டிவி பார்க்கலாம், சர்ச்சுக்குப் போகலாம், பேரப்பிள்ளைங்களோட பேசலாம். நீங்க சொல்ற அந்த ஒரு வேலைக்கு மட்டும் இது ஒத்துவராது சார்."

இடம் மாறிப் பார்த்தோம்

சரி, அண்ணன் மாடிக்குப் போகட்டும், நான் பைக்கில் போகிறேன் என்று யோசனை சொன்னதும் நான்தான். மீட்டரைப் பார்க்கக் காது வேண்டாமே. பழைய ஜி.எஸ்.டி. ரோடு ஹோட்டலிலேயே வேலை வந்தது. அண்ணன் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார். நான் பெருங்களத்தூரில் நின்று, செட்டில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே யாரும் பட்டனை அழுத்தவில்லை.

ஹோட்டல் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் தண்ணி டேங்கில் முதுகைச் சாய்த்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு என்ன சொல்லியும் கேட்கவில்லை, தொட்டுக் கூப்பிடவும் பயமாக இருந்ததாம். எலக்ட்ரீஷியன் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சார், உங்க ஆளு ஜெபம் பண்ணிகினு கீறாரு. முடிச்சாருன்னா நான் கையப் புடிச்சு இறக்கியாந்துர்றேன், நீ வா சார்."

வாடகைக் காதுகள்

பிறகு வெளியே நிற்க அந்தந்த இடத்து ஆட்களையே வைத்துப் பார்த்தேன். இதைப் படிக்கும் சக தொழிலாளிகள் என் வேதனையைப் புரிந்துகொள்வார்கள். சூப்பர் சார் என்பார்கள். எப்படிக் கேட்டாலும் சூப்பர்தான். பவரைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கேட்டேன், சூப்பர். ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை. மார்க் போட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு செக்யூரிட்டியிடம் விளக்கிவிட்டு, பத்து வரை நான்கைந்து தடவை எண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேக்குது சார், நல்லா எண்றீங்க. பத்துக்கு மேல எப்ப போவீங்க?"

கூடுவாஞ்சேரியில் கடைசி டெஸ்ட்

மழைக்காலம் முடிந்து ஆம்புலன்ஸ் ரிப்பீட்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாள் அண்ணன் தனியாகக் கலைவாணியைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஊரப்பாக்கத்து நெஞ்சுவலிக்காரர் கதையை அவரே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் அதை அவரிடம் மறைத்துவைத்திருந்தேன். கடைக்கு வந்து, "என் மார்க்க நம்பி ஒரு மனுஷன் போயிருப்பான்டா. போதும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் கூடுவாஞ்சேரிக்கு நான் போறேன்" என்றார். நான் வாதாடவில்லை. வாதாடினாலும் அவருக்குக் கேட்கிற மாதிரி வாதாட வேண்டும், கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் சேட்டு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காது சேட்டுவுடையது, செட் அண்ணன் கையில். நான் மாடியில் உட்கார்ந்து எண்ணினேன். சேட்டு வண்டி மைக்கில் "அஞ்சுக்கு அஞ்சு சார்" என்றான். வேலை முடிந்தது. மீட்டரை உறையில் போடவில்லை. மறுபடி மைக்கை எடுத்து, "அண்ணா, நீங்க சும்மா வந்து கடையில உக்காந்திருங்கண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். கன்ட்ரோல் ரூமில் கலைவாணி கேட்டுக்கொண்டிருப்பார், மற்ற டிரைவர்களும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

செட்டில் யாராவது பேசினால் அதன் தலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். பேச்சு நின்றால் அணைந்துவிடும். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். விளக்கு அணைந்ததும், சேட்டு நான் சொன்னதை அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, தானே பட்டனை அழுத்தினார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் கொஞ்சம் அதிகச் சத்தமாக அவர் குரல் வந்தது: "அஞ்சுக்கு ஒண்ணுடா சங்கர். என்ன சொன்னன்னு தெரியல, நீ அங்க இருக்கறது தெரியுது. எனக்கு அது போதும்."

அண்ணன் கடைக்கு வரவில்லை, தொழிலுக்கு ஆகாத கருவி வீட்டுக்கு எதற்கு என்று அதையும் மேஜை டிராயரில் போட்டுவிட்டார், அதனால் கத்தினால் தூரம் போகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைத்த நான், இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு ஹாலில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம், கேம்ப் ரோடு வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கிறேன்.